ஒத்தகருத்து வினைச்சொற்களும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும்: வன்னியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1

இலங்கையின் தமிழ்மொழிமூலச் சிறுவர் ஏறத்தாழப் பத்து வயதிலே எழுதும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கென வெளிவரும் கையேடுகளை எடுத்து நோக்கின், 'ஒத்தகருத்துச் சொற்கள்' என்ற தலைப்பில் அமைந்த பட்டியல் தவறாது காணப்படும். பெயர்ச்சொற்களுக்குப் பின்னர் வினைச்சொற்கள் இடம்பெறும். இடப்புறத்தே ஒரு சொல்லும் வலப்புறத்தே அதற்குச் சமமெனக் கொள்ளப்படும் சொற்களும் நிரல்பட வைக்கப்பட்டிருக்கும். கூறுதல் என்பதற்கு எதிரே இயம்புதல், செப்புதல், நவிலுதல், புகலுதல், மொழிதல், உரைத்தல். உண்ணல் என்பதற்கு எதிரே அருந்தல், புசித்தல், அயிலல். கொடுத்தல் என்பதற்கு எதிரே ஈதல், தருதல், நல்குதல், வழங்குதல், அளித்தல். மாணாக்கர் இவற்றை மனனம் செய்வர். வினாத்தாளிலே கோடிடப்பட்ட சொல்லுக்குரிய 'சமமான' சொல்லை அவர்கள் தெரிவு செய்தல் வேண்டும்.

மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இது கற்பித்தல் முறை பற்றிய ஒரு சிறு பிரச்சினையாகவே தோன்றும். ஆசிரிய கலாசாலைகள் கவனிக்க வேண்டிய இவ்விடயத்தில் இலக்கிய ஆய்வாளனுக்கு என்ன வேலை எனவும் வினவலாம். ஆயின், இப்பட்டியலுக்கு அடியிலே மொழி பற்றிய ஒரு கருத்துநிலை இருக்கின்றது. ஒரு சொல்லுக்குப் பதிலாக இன்னொன்றைத் தடையின்றி வைக்கலாம், அதனாற் பொருளில் மாற்றம் எதுவும் நிகழாது என்பதே அக்கருத்துநிலை. பெயர்ச்சொற்களைப் பொறுத்தவரை இஃது ஓரளவு பொருந்தக்கூடும். வினைச்சொற்களைப் பொறுத்தவரை இது பொருந்தாது. வினைச்சொல் ஒரு செயலை மட்டும் சுட்டுவதில்லை. அச்செயலைச் செய்வோன், செயலுக்கு ஆட்படுவோன், செயலுக்குள்ளாகும் பொருள் ஆகியவற்றுக்கிடையிலான உறவினையும் அது சுட்டுகின்றது. அவ்வுறவு பெரும்பாலும் சமூக உறவாகவே இருக்கின்றது. ஒத்தகருத்து வினைகள் எனப்படுவன செயலளவில் ஒத்தும் உறவளவில் வேறுபட்டும் நிற்பன. அவ்வேறுபாட்டை அழித்துவிட்டு ஒற்றுமையை மாத்திரம் கற்பிக்கும்போது எத்தகைய அறிவு இழக்கப்படுகின்றது, அவ்விழப்பு எவரைக் கூடுதலாகப் பாதிக்கின்றது என்பவற்றை வன்னிப் பெருநிலப்பரப்பை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலிலே பரீட்சையின் சமூகத் தொழிற்பாட்டினை நோக்குவோம். அரசாங்க சபையின் கல்வி அமைச்சராக 1931 முதல் 1947 வரை கடமையாற்றிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையிலான விசேட குழு 1943இல் தனது அறிக்கையினைச் சமர்ப்பித்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களிலே மத்திய பாடசாலைகளை நிறுவி, வறிய மாணாக்கரைப் புலமைப்பரிசில் மூலம் அவற்றுக்குத் தெரிவு செய்யும் ஏற்பாடு அக்கல்விச் சீர்திருத்தத்தின் ஓர் அங்கமாக விளங்கியது. நகர்ப்புற ஆங்கிலக் கல்லூரிகளுக்குப் பணம் செலுத்தி அனுப்ப இயலாத விவசாயிகளதும் தொழிலாளரதும் பிள்ளைகளுக்கு இது ஒரு கதவைத் திறந்துவிட்டது. அதன் முற்போக்கான உள்ளடக்கத்தை எவரும் மறுத்தல் இயலாது.

எனினும், வளங்கள் சமனற்றுப் பங்கிடப்பட்ட சமூகத்திலே, கதவாக அமைக்கப்பட்டது காலப்போக்கில் வடிகட்டியாக மாறுவது தவிர்க்கவியலாதது. இன்று இப்பரீட்சை இரு வினாத்தாள்களையும் மொத்தம் 200 புள்ளிகளையும் கொண்டதாக நடத்தப்படுகின்றது. அண்மைய ஆண்டுகளில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர் ஒவ்வோர் ஆண்டும் இதற்குத் தோற்றியுள்ளனர். உதவிப்பணம் பெறுவோரும் பெயர்பெற்ற பாடசாலைகளில் இடம்பெறுவோரும் அவர்களுட் சிறு தொகையினரே. 2024 செப்தெம்பர் 15ஆம் நாள் நடைபெற்ற பரீட்சையின் வினாக்கள் சில முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. மூன்று வினாக்களுக்கு எல்லா மாணாக்கருக்கும் புள்ளி வழங்குமாறு அவ்வாண்டு திசெம்பர் 31இல் தீர்ப்பளிக்கப்பட்டது. பத்து வயதுச் சிறுவர் எழுதும் பரீட்சையொன்று நாட்டின் அதியுயர் நீதிமன்றத்துக்குச் செல்லுமாயின், அதன்மீது பெற்றோர் வைத்திருக்கும் எதிர்பார்ப்பின் பளுவை ஊகித்துக்கொள்ளலாம்.

வன்னியிலே இப்பளு இன்னும் கூடுதலானது. இருபதாம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களிலே கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தை அண்டி 1930கள் முதல் கிளிநொச்சிப் பகுதியில் குடியேற்றங்கள் உருவாயின. சுதந்திரத்தின் பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய திட்டங்களின் கீழும் குடியேற்றங்கள் தோன்றின. குடாநாட்டின் காணியற்ற விவசாயிகள் இவற்றுக்கு வந்து சேர்ந்தனர். 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்களுக்குப் பின்னர் மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்து கூலிவிவசாயிகளாக வாழ்வைத் தொடங்கின. பழங்குடி வன்னி விவசாயிகள், குடாநாட்டிலிருந்து வந்தோர், மலையகத்திலிருந்து வந்தோர் என மூவகையினரின் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து கற்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று. யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் இம்மக்களுட் பெருந்தொகையினர் இடத்தைவிட்டு அகற்றப்பட்டனர். செட்டிகுளத்து மனிக் பாம் முகாம் 2012 செப்தெம்பரிலேயே மூடப்பட்டது. 2009இல் முகாம்களுக்குள் இருந்த சிறுவரும் அவ்வாண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குத் தோற்றினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. வீடும் வயலும் இழந்த பெற்றோருக்குப் பிள்ளையின் கல்வி ஒன்றே எஞ்சிய முதுசொமாயிற்று. ஆகவே, பட்டியலை மனனம் செய்யும் சிறுமியைக் கண்டு ஏளனம் செய்வது எமது நோக்கமன்று. அவளும் அவளது தாயும் தமக்குக் கிடைத்த ஒரேயொரு ஏணியையே பற்றிப்பிடிக்கின்றனர். அவ்வேணியின் படிகள் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன என்பதே எமது வினா.

3

ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தொகுத்து மனனம் செய்யும் வழக்கம் தமிழிலே நீண்ட வரலாறுடையது. சேந்தன் திவாகரம், பிங்கலம், மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி முதலான நிகண்டுகள் இதற்குச் சான்று. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் தொகுதிகளை அமைத்த திவாகரம் செயல் பற்றிய பெயர்களுக்கும் ஒரு தொகுதியை ஒதுக்கியது. சூடாமணி விருத்தப்பாவினால் ஆக்கப்பட்டமையின் மனனம் செய்வதற்கு ஏற்றதாயிற்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே அது பயிலப்பட்டது. ஆறுமுக நாவலர் (1822–1879) அதனை உரையுடன் அச்சேற்றியமை, அச்சு யுகத்திலும் அந்நூலுக்கு இருந்த தேவையைக் காட்டும்.

நிகண்டு எவருக்காக எழுந்தது என்பதை நோக்குதல் அவசியம். செய்யுள் இயற்றுவோனுக்கு எதுகையும் மோனையும் சீரும் தளையும் பொருந்தி வரும் சொல் வேண்டும். ஒரே பொருளுக்குப் பல சொற்கள் இருப்பின் யாப்புக்கு ஏற்றதை அவன் எடுத்துக்கொள்வான். சூடாமணியின் பதினோராவது தொகுதி சொற்களை எதுகை முறையிலே அடுக்கியிருப்பது இத்தேவையினை நன்கு புலப்படுத்தும். பழைய செய்யுளைப் படித்துப் பொருள்கொள்வோனுக்கும் அது உதவிற்று. எனவே நிகண்டின் 'சமம்' என்பது செய்யுள் என்ற குறிப்பிட்ட உற்பத்திக்கு வேண்டிய கருவியாகும். அதனைக் கையாண்ட புலவன் சொற்களுக்கிடையிலான வேறுபாட்டினையும் நூற்பயிற்சியினால் அறிந்திருந்தான். மடமும் கோயிலும் வள்ளலும் அவனது வாழ்வுக்கு ஆதாரமாயிருந்தன. அக்கல்வியின் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1929–30 காலப்பகுதியில் உதவிபெறும் பாடசாலைகளிற் சமவாசனம் வழங்குமாறு பணிக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பையும் தீக்கிரையான பள்ளிகளையும் நினைவுகூர்ந்தால், எழுத்தறிவின் சாதிய எல்லை எவ்வளவு அண்மைக்காலம் வரை காக்கப்பட்டது என்பது தெளிவாகும்.

பரீட்சைக் கையேடு நிகண்டின் வடிவத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு அதன் பயன்பாட்டைக் கைவிட்டுவிட்டது. இன்றைய மாணாக்கன் செய்யுள் இயற்றுவதில்லை. நவிலுதல், புகலுதல் ஆகிய சொற்களை அவன் தனது கட்டுரையில் எழுதினால் ஆசிரியரே திருத்திவிடுவார். பேசவோ எழுதவோ பயன்படாத சொல்லை, அது பயன்படும் நூலைப் படிக்காமலே அவன் கற்கின்றான். அச்சொல்லுக்கு எஞ்சியிருக்கும் ஒரே பயன் புள்ளி பெறுதலாகும். பயன்பெறுமதி நீங்கிப் பரிமாற்றப்பெறுமதி மட்டும் எஞ்சிய பண்டத்தின் இயல்பினை இங்கே சொல் அடைந்துவிடுகின்றது. கையேடுகளும் தனியார் வகுப்புகளும் அப்பண்டத்தின் சந்தையாகும். நகரத்துப் பிள்ளைக்கு அச்சந்தை அருகில் இருக்கின்றது. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ உள்ள கூலிவிவசாயியின் பிள்ளைக்கு அது தொலைவிலும் விலையிலும் எட்டாதிருக்கின்றது.

4

ஒத்தகருத்து வினைகளைச் சமமெனக் கொள்வதுதான் தமிழ் இலக்கண மரபா என்ற வினா எழுகின்றது. உண்மையில் மரபு இதற்கு மாறாகவே பேசுகின்றது. ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் உள என்பதைத் தொல்காப்பியர் திரிசொல் பற்றிய பகுதியிலே ஏற்றுக்கொள்கின்றார். ஆயினும் வினைகளின் ஆட்சியைப் பற்றிப் பேசுமிடத்து அவர் மிகவும் நுட்பமாக வேறுபடுத்துகின்றார். சோறு உண்ணப்படுவது, பழம், பணியாரம் முதலியன தின்னப்படுவன, பால், நீர் முதலியன பருகப்படுவன. இவையனைத்தையும் உள்ளடக்கிய 'அடிசில்' போன்ற பொதுச்சொல்லுக்கு இவ்வினைகளுள் ஒன்றை மட்டும் வழங்குதல் பொருந்தாது. அயிலல், மிசைதல் ஆகிய பொதுவினைகளையே வழங்குதல் வேண்டும் என உரையாசிரியர்கள் அவ்விதியை விளக்குவர். ஆகவே உண்ணலும் அயிலலும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்கக்கூடிய சமச்சொற்கள் அல்ல. ஒன்று சிறப்புவினை, மற்றையது பொதுவினை. கையேடு ஒரே வரிசையில் வைக்கும் இவ்விரு சொற்களையும் இலக்கணம் இரு தளங்களில் வைக்கின்றது.

இதனினும் முக்கியமானது கொடுத்தல் பற்றிய விதியாகும். ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது வழங்குவன. தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்குமிடத்து 'ஈ' என்பான். ஒத்தோன் ஒத்தோனிடம் 'தா' என்பான். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் 'கொடு' என்பான் என்பது தொல்காப்பியர் கூறும் வரன்முறை. நன்னூலாரும் இதனை ஏற்றுக்கொள்கின்றார். செயல் ஒன்றே, பொருள் கைமாறுகின்றது. ஆயின் கேட்போனுக்கும் கேட்கப்படுவோனுக்கும் இடையிலான சமூக ஏற்றத்தாழ்வு வினைச்சொல்லின் தெரிவிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ஏற்றத்தாழ்வான சமூகத்தின் ஒழுங்கினை இலக்கணம் இயல்பானதெனக் கருதி விதியாக்கியது என்பதை நாம் விமர்சிக்கலாம். அவ்வொழுங்கை அது மறைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். சமூகப் படிநிலை மொழியிலே எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை வெளிப்படையாக எழுதிவைத்த விதி அது. ஈதலும் தருதலும் கொடுத்தலும் ஒன்றெனக் கூறும் நவீன கையேடோ, படிநிலையை ஒழிக்காமலே அதன் சுவட்டை மட்டும் அழித்துவிடுகின்றது.

ருசிய மொழியியலறிஞர் வொலோஷினொவ் 1929இல் வெளியிட்ட 'மார்க்சியமும் மொழித் தத்துவமும்' என்ற நூலில், வெவ்வேறு வர்க்கங்கள் ஒரே மொழியைப் பயன்படுத்துவதால் ஒவ்வொரு சொல்லிலும் வெவ்வேறு சமூக அழுத்தங்கள் மோதுகின்றன எனவும், ஆளும் வர்க்கம் சொல்லுக்கு ஒற்றை அழுத்தத்தை நிலையானதாகக் கற்பிக்க முயல்கின்றது எனவும் வாதித்தார். ஒரு சொல்லுக்கு ஒரு விடை என்ற பல்தேர்வு வினாவின் அமைப்பு, எவரும் திட்டமிடாமலே இப்பணியைச் செய்துவிடுகின்றது.

5

இனி, வகுப்பறைக்கு வரும் வன்னிச் சிறுவன் எத்தகைய வினைச்சொல் அறிவோடு வருகின்றான் என்பதை நோக்குவோம். கையேடுகள் வெட்டுதல் என்பதற்கு அரிதல், அறுத்தல், தறித்தல், கொய்தல் என ஒத்தகருத்துத் தருவதுண்டு. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு இவை ஒன்றல்ல. மரம் தறிக்கப்படுகின்றது, விறகு கொத்தப்படுகின்றது, வாய்க்கால் வெட்டப்படுகின்றது, கயிறு அறுக்கப்படுகின்றது. களையும் தேங்காயும் பிடுங்கப்படுவன, மிளகாய்ப்பழம் ஆயப்படுவது. கருவி, பொருள், உடலின் அசைவு, வேலையைச் செய்வோர் ஆணா பெண்ணா, அதற்குரிய கூலி எவ்வளவு ஆகிய அனைத்தும் இவ்வினைகளிலே அடங்கியுள்ளன. உழைப்பின் பிரிவினையே சொல்லின் பிரிவினையாயிற்று எனலாம்.

நெற்செய்கையை எடுத்துக்கொண்டால் இது மேலும் தெளிவாகும். காலபோகத்துக்கு நிலத்தை உழுது, பலகையடித்து, விதைத்து, களை பிடுங்கி, அரிவி வெட்டி, உப்பட்டிகளைச் சேர்த்துச் சூடு வைத்து, சூடு மிதித்து, தூற்றி நெல்லை எடுப்பது பழைய முறை. களத்திலே நெல்லை 'பொலி' எனக் கூறும் வழக்கமும் இருந்தது. அங்கே ஒத்தகருத்துச் சொல் செய்யுளின் தேவைக்காக எழவில்லை. விளைவு பெருக வேண்டும் என்ற உழைப்பாளியின் நம்பிக்கையிலிருந்தும் வேலைத்தளத்தின் ஒழுக்கத்திலிருந்தும் அது எழுந்தது. மக்கள் தாமே ஆக்கிய நிகண்டு இது. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் இவ்வேலைகளுட் பல வழக்கிழந்தன. அவற்றோடு வினைகளும் மறையத் தொடங்கியுள்ளன. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) போன்ற புனைகதைகள் வன்னி மக்களின் வாழ்வையும் பேச்சையும் பதிவு செய்தமையால் அவை இலக்கியப் பெறுமதியோடு மொழியியற் பெறுமதியும் உடையனவாகின்றன. எனினும் சூடு மிதித்தல் எதற்கும் 'விடை' ஆவதில்லை. பிள்ளையின் குடும்பம் தலைமுறைகளாகச் சேர்த்த வினையறிவு பரீட்சை மண்டபத்தின் வாயிலிலே பெறுமதியற்றதாகி நின்றுவிடுகின்றது. பூர்தியூவும் பாஸ்ரனும் 1970இல் பிரெஞ்சுக் கல்விமுறையை ஆராய்ந்து, ஒரு வர்க்கத்தின் பண்பாட்டு உடைமையையே பாடசாலை திறமை எனப் பெயரிட்டு அளக்கின்றது எனக் காட்டினர். எமது சூழலிலும் அவ்வளவுகோலின் தொழிற்பாட்டைக் காண்கின்றோம்.

இன்னோர் உதாரணம். 'பேசுதல்' என்பதற்குக் கதைத்தல், உரையாடல் என்பன ஒத்தகருத்தாகத் தரப்படும். ஈழத்து வடபுலப் பேச்சுவழக்கிலே உரையாடுதலைக் குறிக்க வழங்குவது கதைத்தல். பேசுதல் என்பது பெரும்பாலும் ஏசுதல், கண்டித்தல் எனப் பொருள்படும். 'அம்மா பேசினவ' என ஒரு பிள்ளை கூறினால், தாய் அவனைக் கண்டித்தாள் என்பதே கருத்து. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கோ பேசுதல் என்பது உரையாடலையே குறிக்கும். ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் இருவரும் ஒரே வாக்கியத்தை வேறுவேறாக விளங்கிக்கொள்கின்றனர். நல்ல ஆசிரியர் ஒருவருக்கு இது பெரும் வாய்ப்பாகும். மூன்று திசைகளிலிருந்து வந்த உழைக்கும் மக்களின் வரலாற்றை அவர் அந்த ஒரு வினையிலிருந்தே கற்பித்தல் இயலும். பட்டியல் அவ்வாய்ப்பைத் தருவதில்லை. இரு வீடுகளின் வழக்கும் 'பிழை' ஆகி, கையேட்டின் வழக்கு மட்டும் 'சரி' ஆகின்றது. அதிலும் மலையக வழியினரான பிள்ளையின் பேச்சு சக மாணாக்கரின் நகைப்புக்கும் உள்ளாகுமெனின், மொழிப்பாடமே சமூக இழிவைக் கற்பிக்கும் பாடமாகிவிடும்.

6

வினையின் வேறுபாட்டை அறிதல் வன்னி மக்களைப் பொறுத்தவரை வாழ்வுரிமையோடு தொடர்புடையதாகும். தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை எனப் பாடசாலை கற்பிக்கும் இலக்கணம் அங்கே வீதியோரக் கொட்டகைகளில் உயிர்பெற்றிருந்தது. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலே, தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். அரசின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான நிறுவனத்தின் பெயர் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்' என்பது. தாய்மாரோ தம் பிள்ளைகளை 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே குறிப்பிட்டனர். போதல் என்பது தன்வினை. போனவனே அதன் எழுவாய். வேறெவரும் அச்செயலில் இல்லை. ஆக்கப்படுதல் என்பது செயப்பாட்டுவினை. ஆக்கியவர் ஒருவர் உளர் என்பதை அது இலக்கணத்தாலேயே உணர்த்துகின்றது. அவர் யார் என்ற வினாவையும் எழுப்புகின்றது. 2018ஆம் ஆண்டுச் சட்டமொன்று வலிந்து காணாமலாக்கப்படுதல் பற்றிய சர்வதேச சமவாயத்தை நாட்டின் சட்டத்துக்குட் கொண்டுவந்தபோது, அவ்வேறுபாடு சட்டத்தின் மொழியிலும் இடம்பெற்றது. பரீட்சைக் கையேட்டின் தருக்கத்தின்படி இவ்விரண்டும் ஒரே வரிசையில் வைக்கத்தக்கன. அத்தாய்மாருக்கோ அவற்றின் இடைவெளியில்தான் நீதி பற்றிய முழு வினாவும் இருந்தது. இலக்கண நூலைத் திறந்தறியாத பெண்கள் பலர் வினையிலக்கணத்தின் அரசியலை எமது கல்வியுலகுக்குக் கற்பித்தனர் என்பது மிகையன்று.

இடம்பெயர்தல், இடம்பெயர்க்கப்படுதல், குடியமர்தல், குடியமர்த்தப்படுதல் ஆகிய இணைகளும் இத்தகையனவே. பத்திரிகைச் செய்தியும் அலுவலக அறிவித்தலும் இவற்றை வேறுபாடின்றிக் கலந்து எழுதுகின்றன. தானே போனவனுக்கும் துரத்தப்பட்டவனுக்கும் உள்ள வேறுபாடு இதனால் மங்கிவிடுகின்றது.

மேலே எடுத்துக்காட்டிய ஈ, தா, கொடு என்ற விதியையும் இவ்விடத்தில் மீண்டும் நோக்கலாம். 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவிலே, படைத்தரப்பினரின் வசமிருந்த தம் காணிகளைக் கோரி மக்கள் போராடினர். ஒரு பகுதி காணி திரும்பக் கிடைத்தது. இத்தகைய நிகழ்வுகளைக் குறிக்க அலுவலக மொழியில் நிலைபெற்ற வினைகள் 'விடுவித்தல்', 'கையளித்தல்', 'வழங்குதல்' என்பன. வழங்குதல் என்பது உடையவன் தன்னுடையதை மனமுவந்து அளித்தலைக் குறிக்கும். உரிமையாளனுக்கு அவனது காணியே 'வழங்கப்படும்' எனின், உரிமை சலுகையாகத் தோற்றம் பெறுகின்றது, குடிமகன் இரப்போனாகின்றான், தாழ்ந்தோனின் 'ஈ' என்ற குரல் அவன் வாயிலே வைக்கப்படுகின்றது. 'திருப்பித் தா' என்பது ஒத்தோனின் குரல். நிவாரணமாயினும் நட்டஈடாயினும் இதுவே நிலைமை. கொடுத்தலும் வழங்குதலும் ஒரே கருத்துடையன எனப் பத்து வயதிற் கற்ற ஒருவன், இருபது வயதில் அவ்வறிவித்தலைப் படிக்கும்போது எதனையும் கவனியாது கடந்துசெல்லக்கூடும். வேறுபாட்டைக் கற்றவன் அவ்விடத்தே நின்று வினவுவான்.

7

இவற்றால் ஒத்தகருத்துச் சொற்களைக் கற்பிக்கலாகாது என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். அவ்வாறு கூறுவோர் தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே நூலகத்தை வைத்திருப்போராக இருத்தல் கூடும். 1926இல் சிறையிடப்பட்ட அந்தோனியோ கிராம்சி தமது சிறைக்குறிப்புகளிலே, இலக்கணப் பயிற்சியையும் கட்டொழுங்கான படிப்பையும் கைவிடுவது உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைக்கே கேடாக முடியும் என எச்சரித்தார். வசதிபடைத்த பிள்ளை சூழலிலிருந்து பெறுவதை, வறிய பிள்ளை பாடசாலையிலிருந்து மாத்திரமே பெறல் இயலும். இயம்புதலும் நவிலுதலும் வன்னிச் சிறுமிக்கும் உரியன. கம்பனையும் இளங்கோவையும் படிப்பதற்கு அவளுக்கு அச்சொற்கள் வேண்டும். வட்டார வழக்கே போதும் எனக் கூறி அவளை அங்கேயே நிறுத்திவைப்பது முற்போக்குப் போர்வை போர்த்த பிற்போக்காகும். மரபிலக்கியம் முழுவதற்கும் உழைக்கும் மக்கள் வாரிசுகள் என்பதே மார்க்சிய நிலைப்பாடு.

ஆகவே வேண்டப்படுவது கற்பித்தலின் திசைமாற்றமாகும். வைகொட்ஸ்கி 1934இல் வெளியான தமது நூலிலே, சொல்லின் பொருள் குழந்தையின் உள்ளத்தில் ஒரே தடவையில் முழுமையாக அமைவதில்லை, வளர்ச்சியடைகின்றது எனக் காட்டினார். பிள்ளையின் அன்றாட அனுபவத்திலிருந்து எழும் கருத்தும் பாடசாலை தரும் முறைசார்ந்த கருத்தும் ஒன்றையொன்று சந்திக்கும்போதே அவ்வளர்ச்சி நிகழ்கின்றது. இந்நோக்கில் மூன்று விடயங்களை முன்வைக்கலாம்.

முதலாவது, வினைகளைப் பட்டியலாகவன்றி வாக்கியங்களாகக் கற்பித்தல். 'மரத்தை' என்பதன் பின்னர் தறித்தான், கொய்தான், அரிந்தான் ஆகியவற்றுள் எது பொருந்தும், ஏனையன ஏன் பொருந்தா என வினவின், வயலும் காடும் அறிந்த பிள்ளை வகுப்பிலே முதலாவதாகக் கையுயர்த்தும். பரீட்சை வினாவையும் இவ்வாறு அமைத்தல் இயலும். 'சமமான சொல் எது' என்பதற்குப் பதிலாக 'இவ்விடத்துக்குரிய சொல் எது' எனக் கேட்பதற்குக் கூடுதற் செலவு எதுவும் இல்லை. பல்தேர்வு அமைப்பைக்கூட மாற்றவேண்டியதில்லை.

இரண்டாவது, வன்னியின் தொழில்சார் வினைச்சொற்களைத் தொகுத்தல். வயல், குளம், காடு, கடல் ஆகியவற்றோடு தொடர்புடைய வினைகளை அறிந்த முதியோர் இன்னும் வாழ்கின்றனர். 1842இல் மானிப்பாயில் வெளிவந்த அகராதி முதலாக அகராதித்துறையில் முன்னின்ற ஈழத்துக்கு இது இயலாததன்று. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் கிராமப் பாடசாலை ஆசிரியர்களோடு இணைந்து இதனைச் செய்யலாம். மாணாக்கரையே சேகரிப்போராக ஈடுபடுத்தினால் அதுவே சிறந்த மொழிப்பாடமாகும்.

மூன்றாவது, ஆசிரியர் பயிற்சியிலே சொல்லின் சமூகப் பொருளுக்கு இடமளித்தல். ஈ, தா, கொடு பற்றிய விதியை மனனம் செய்து ஒப்புவிக்கும் பயிலுநர் ஆசிரியர், அவ்விதி இன்றைய அலுவலகக் கடிதத்திலும் நிவாரணப் பட்டியலிலும் எவ்வாறு தொழிற்படுகின்றது எனச் சிந்திக்கத் தூண்டப்படல் வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளைகளை வடிகட்டும் பரீட்சை தொடர்ந்து இருக்க வேண்டுமா என்பது இவற்றினும் பெரிய வினா. எல்லாப் பாடசாலைகளும் சமமான வளம் பெறும் நாளிலேயே அதற்கு முடிவான விடை கிடைக்கும். அதற்கான போராட்டம் வகுப்பறைக்குள் மட்டும் நடத்தப்படுவதன்று. அந்நாள் வரை, அப்பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைக்குச் சொற்களின் ஒற்றுமையோடு அவற்றின் வேறுபாட்டையும் கற்பிக்கும் கடப்பாடு எமக்கு உண்டு. யார் செய்தார், யாருக்குச் செய்தார், எவ்வுரிமையோடு செய்தார் ஆகிய மூன்று வினாக்களையும் ஒவ்வொரு வினைச்சொல்லின் முன்னும் எழுப்பப் பழகிய மாணாக்கன், அயிலலும் நவிலுதலும் கற்பதோடு தன் காலத்தைப் படிப்பதற்கும் கற்றுக்கொள்வான்.